ரெண்டாவது கீப்பர்

ஹாக்கியில கோல் போஸ்டுக்கு முன்னாடி நிக்கிற வேலையை நான் பதினெட்டு வருஷம் பாத்தேன். அரசாங்கத் துறை ஒண்ணோட அணியில கீப்பர். ஆட்டத்துலேர்ந்து ஓய்வு வாங்கினதுக்கப்பறம் அஸ்தம்பட்டி ஆபீஸ்ல நாற்காலி போட்டுக் குடுத்துட்டாங்க. இப்ப ஃபைல் பாக்கிறேன். பந்தைவிட ஃபைல் மெதுவாத்தான் வருது, ஆனா தடுக்கிறதுதான் பெரும்பாடா இருக்குது.

நீங்க மூணு பேரும் புதுசா வந்திருக்கிற கீப்பருங்க. உங்க மேனேஜர் எனக்குப் போன் போட்டு, "அந்த விரல் கதையை வந்து சொல்லுங்க மேடம், புள்ளைங்களுக்குத் தெம்பா இருக்கும்"னு கூப்பிட்டாரு. வரலைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்பறம் அவரே ஒண்ணு சொன்னாரு. போன மாசம் உங்கள்ல ஒருத்தி, விரல் வீங்கிக் கெடந்ததை டேப் சுத்தி மறைச்சுக்கிட்டு ஒரு மேட்ச் முழுக்க ஆடினாளாம். ஏன் சொல்லலைன்னு கேட்டதுக்கு என் பேரைச் சொன்னாளாம். அந்த மேடம் ஆடலையான்னு.

அது யாருன்னு நான் கேக்க மாட்டேன். எல்லாரும் தரையைப் பாக்கறதை முதல்ல நிறுத்துங்க. ஆனா என் பேரைச் சொல்லி ஒருத்தி கையைக் கெடுத்துக்கிட்டான்னு கேட்டதுக்கப்பறம் என்னால ஆபீஸ்ல உக்காந்திருக்க முடியலை. அதனால வந்தேன். உங்களுக்குத் தெம்பு குடுக்கற கதை ஒண்ணும் எங்கிட்ட இல்ல.

உங்களுக்குத் தெரிஞ்ச கதை இதுதான். சேலத்துல நடந்த மாநில ஃபைனல்ல, இடது கட்டை விரல் எலும்பு ஒடைஞ்சதோட ஒருத்தி கோல்ல நின்னா. பெனால்டி ஸ்ட்ரோக்கைப் பாஞ்சு தடுத்தா. கப்பும் வந்துச்சு, துறையில வேலையும் வந்துச்சு. இதுல எதுவும் பொய் இல்ல. எல்லாம் நடந்ததுதான். ஒரே ஒரு ஆளை மட்டும் அந்தக் கதையில விட்டுட்டாங்க. அவ பேரு தேன்மொழி, மல்லசமுத்திரத்துக்காரி. எங்க அணியோட ரெண்டாவது கீப்பர்.

ரெண்டாவது கீப்பர்னா என்ன வேலைன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்ல. ஃபார்வர்டு ஆடறவளுக்குப் பதிலா நிமிஷத்துக்கொருத்தி மாறி இறங்கலாம். கீப்பர்ல அது கெடையாது. முதல் கீப்பர் நல்லா இருக்கிற வரைக்கும் ரெண்டாவது கீப்பருக்குப் பெஞ்சுதான். மேட்ச்சுக்கு முன்னாடி முதல் கீப்பருக்குக் காலுக்குப் பின்னாடி லெக் கார்டு வாரை இழுத்துக் கட்டறது, க்ளவுஸை விரிச்சுப் புடிச்சுக் கையை நுழைக்க வெக்கிறது, அரை மணி நேரம் பந்தடிச்சு உடம்பைச் சூடு பண்ணி விடறது, இதெல்லாம் அவ வேலை. முடிஞ்சதும் போய் உக்காந்துக்கணும். தனக்கு எடம் வரணும்னா இன்னொருத்திக்கு ஏதாவது ஆகணும். அதை மனசுல நெனைக்கவும் கூடாது. இந்த வேலையை தேன்மொழி எனக்கு ரெண்டு வருஷம் செஞ்சா.

அவளை நான் மொதமொதல்ல பாத்தது எதிரணியில. பள்ளிக்கூட மேட்ச், செம்மண் தரை. அப்பெல்லாம் நாங்க மேட்ச் ஆரம்பிக்கும்போது கோலோட நடுவுலேர்ந்து வெளிய பாத்து ஸ்டிக்கால ஒரு கோடு கீறிக்குவோம். முன்னாடி ஓடிட்டு வந்தா திரும்பிப் பாக்க நேரம் இருக்காது, கோட்டைப் பாத்தாப் போதும், போஸ்ட் எங்க இருக்குன்னு தெரிஞ்சிரும். நீங்க செயற்கைப் புல்லுல ஆடறவங்க, உங்களுக்கு இது தெரியாது.

பாதி ஆட்டம் முடிஞ்சு பக்கம் மாறினோம். நான் அந்தப் பக்கம் போனப்ப அங்க ஏற்கெனவே ஒரு கோடு இருந்துச்சு. அது தேன்மொழி கீறினது. சோம்பேறித்தனம், வேறென்ன. கீறின கோடு இருக்கும்போது எதுக்கு இன்னொண்ணுன்னு அது மேலயே நின்னுட்டேன். அவளுக்கு வலப்பக்கம் கொஞ்சம் மந்தம். அதனால அவ நடுவுலேர்ந்து ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிக் கீறிக்குவாளாம். அது எனக்கெப்படித் தெரியும்? ஒரு சாண் தள்ளியே ஆட்டம் முழுக்க நின்னேன். இடப்பக்கம் ரெண்டு கோல் போச்சு. நான் ஃபுல் பேக்கைத் திட்டிக்கிட்டே இருந்தேன்.

மேட்ச் முடிஞ்சு நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்ப இவ வந்து நின்னா.

"ஏனுங்கக்கா, நீங்க எங்கோட்டு மேலயா நின்னீங்க? அது கோணக் கோடுங்க. பக்கம் மாறயில அழிச்சுட்டு வந்திருக்கோணும், மறந்துட்டேன். தப்பு எம்மேலதானுங்க."

எனக்கு ஒண்ணும் புரியலை. செயிச்சவ வந்து தோத்தவகிட்ட மன்னிப்புக் கேக்கிறா. அதுவும் நான் பாட்டுக்குத் தெரியாமயே போயிருப்பேன். என்ன பொழைக்கத் தெரியாத புள்ளையா இருக்குதுன்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன், மாத்திச் சொல்ல விரும்பலை.

அப்பறம் மாவட்ட அணியில ரெண்டு பேருமே எடுபட்டோம். நான் ஒரு வயசு மூத்தவ, கொஞ்சம் ஒசரம், அதனால நான் முதல், அவ ரெண்டாவது. சேலத்துல பிராக்டீஸ். முடிஞ்சா ஒரே பஸ்ல கெளம்புவோம். ஆட்டையாம்பட்டியில நான் எறங்கி வெண்ணந்தூருக்கு மாறுவேன், அவ அப்படியே மல்லசமுத்திரம் போயிருவா. கீப்பர் பை எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியும். எங்க ரெண்டு பையையும் பாத்தாலே கண்டக்டருங்க முகம் கோணிக்கும். "ஏம்மா, ஆளுங்களை ஏத்தறதா, மூட்டையை ஏத்தறதா?"ம்பாங்க. தேன்மொழி உடனே, "மூட்டைக்குள்ளதானுங்க எங்க பொழப்பே இருக்குது"ம்பா. சண்டை போட வந்தவங்ககூடச் சிரிச்சிருவாங்க.

அப்படி ஒரு நாள் பஸ்லதான் சொன்னா. அவங்கப்பா முடிவாச் சொல்லிட்டாராம். இந்த மாநிலப் போட்டியில வேலை கெடைச்சா ஆடலாம், இல்லைன்னா மூட்டையைப் பரண்ல போட்டுட்டு ஊட்டுக்கு வந்து சேரணும், அதுக்கப்பறம் பேச்சே இருக்கக் கூடாதுன்னு.

"அப்பனையும் குத்தம் சொல்ல முடியாதுங்கக்கா. ரெண்டு வருசமாப் பெஞ்சுல உக்காரத்தான் போறேன்னு அவருக்கும் தெரிஞ்சுபோச்சு"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

எனக்கும் வேலை வேணும். எங்கப்பாவுக்கு வெண்ணந்தூர்ல நாலு தறி. அதுல ஒண்ணு ஓடும், ஒண்ணு நிக்கும், மத்த ரெண்டும் கரண்டைப் பொறுத்து. நான் வேலைக்குப் போனா ஊடு நிமிரும்னு எல்லாரும் எம்மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. அதனால அவ சொன்னதை நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே கேட்டேன்.

அந்த மாநிலப் போட்டிக்குத் துறை அணியிலேர்ந்து ரெண்டு பேர் ஆள் எடுக்க வந்திருந்தாங்க. அவங்க கீப்பர் ஓய்வு வாங்கப் போறாங்க, ஒரே ஒரு எடம். அரையிறுதிக்கு முன்னாடி நாள், எங்களுக்குப் பயிற்சி குடுத்த மாஸ்டர் எங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சே பேசினாரு. அவர் மறைச்சுப் பேசற ஆள் இல்ல.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் ஆடறீங்க. ஃபைனல்ல கோல்ல நின்னு எவ நல்லா ஆடறாளோ அவளை எடுத்துக்கறோம்னுட்டாங்க. ஓடிக்கிட்டிருக்கிற கீப்பரை மாத்த எனக்கு மனசு வராது. உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா மட்டும் தேன்மொழி எறங்குவா. சரிங்களா சாமி?"

ரெண்டு பேரும் சரின்னோம்.

அரையிறுதி ஒரு சனிக்கிழமை காலையில. நாங்க செயிச்சிட்டோம். கடைசி நிமிஷத்துல ஒரு பந்து எழும்பி வந்து என் இடது க்ளவுஸ்ல கட்டை விரல் மேல அடிச்சுச்சு. அந்த க்ளவுஸ்ல அந்த எடத்துல நுரை தேஞ்சு போயிருந்தது எனக்குத் தெரியும். புதுசு கேக்கணும் கேக்கணும்னு நாளை ஓட்டிக்கிட்டிருந்தேன். பட்டப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு. வெளிய யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுச்சு.

மத்தியானம் ஊட்டுக்குப் போனேன். தறியில ஒரு இழை அறுந்துபோச்சு. அப்பா வழக்கம்போல, "சாமி, அதைக் கொஞ்சம் முடிஞ்சு விடு"ன்னாரு. இழை முடியறதுக்கு ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் வேணும். பேசப் பழகறதுக்கு முன்னாடியே கத்துக்கிட்ட வேலை அது. மூணு தடவை முயற்சி பண்ணேன், இழை நழுவிக்கிட்டே போச்சு. அப்பா தறியை நிறுத்திட்டு வந்து கையைப் பாத்தாரு. விரல் கத்திரிக்கா மாதிரி இருந்துச்சு.

"எலும்பு கிலும்பு போயிருக்கும் சாமி. ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு எக்ஸ்ரே எடுத்துரலாம் வா."

"சுளுக்குதானுங்கப்பா. நாளைக்கு மேட்ச் முடிஞ்சு போய்க்கிறேன்."

எக்ஸ்ரே எடுத்தா அது எலும்பு முறிவுன்னு தெரிஞ்சிரும். எடுக்காத வரைக்கும் சுளுக்குத்தான். இப்படி ஒரு கணக்கை நான் அன்னிக்குப் போட்டேன். கீப்பருங்க மட்டுந்தான் இப்படிப் போட முடியும், ஏன்னா மறைச்சு வெக்கிற வசதி நமக்குத்தான் இருக்குது. மத்தவளுங்க நொண்டினா எல்லாருக்கும் தெரியும். நம்ம கை க்ளவுஸுக்குள்ள, காலு லெக் கார்டுக்குள்ள, மூஞ்சி ஹெல்மெட்டுக்குள்ள.

ஃபைனல் அன்னிக்கு மாஸ்டர் வந்து கேட்டாரு. நேத்துப் பந்து பட்டதை அவரும் பாத்திருந்தாரு.

"கை எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங் மாஸ்டர்."

"நெசமாத்தானே?"

"நெசமாத்தானுங்."

என் வாழ்க்கையில நான் சொன்ன பெரிய பொய் இவ்வளவுதான். நீளமா எல்லாம் இல்ல.

அன்னிக்கு இடது க்ளவுஸை நானே ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டுத்தான் வெளிய வந்தேன். தேன்மொழி வழக்கம்போல க்ளவுஸ் விரிக்க நின்னுக்கிட்டிருந்தா. பாத்தா. வலது க்ளவுஸை மட்டும் விரிச்சுப் புடிச்சா. குனிஞ்சு லெக் கார்டு வாரை இழுத்துக் கட்டினா. "இறுக்கமா இருக்குதுங்களாக்கா?"ன்னா. சரியா இருக்குதுன்னேன். பந்தடிச்சா, தடுத்தேன். பெஞ்சுக்குப் போனா, நான் கோலுக்குப் போனேன். எவ்வளவு லேசா ஏமாத்திட்டோம்னு எனக்கு ஒரு நிம்மதி. வெக்கமா இருக்குது சொல்றதுக்கு, ஆனா நிம்மதிதான்.

ஆட்டத்தை விவரமாச் சொல்லப் போறதில்ல. எதிர்ல தெக்கத்தி மாவட்ட அணி, நல்ல அணி. முதல் பாதியில பெனால்டி கார்னர்ல நாங்க ஒரு கோல் போட்டோம். எனக்குக் காலுக்கு வந்த பந்துதான் நெறைய, சமாளிச்சிட்டேன். பாதி ஆட்டத்துல மாஸ்டர் மறுபடியும் கேட்டாரு. ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம தலையை ஆட்டினேன். ஆட்டம் முடியப் போற நேரத்துல தூரத்துலேர்ந்து சைகையில கேட்டாரு. ஸ்டிக்கைத் தூக்கிக் காட்டினேன். மூணு தடவை அந்த மனுஷன் கேட்டாரு.

கடைசி நிமிஷங்கள்ல அவங்களுக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் கெடைச்சுச்சு. அடிக்க வந்தவ நான் ரெண்டு வருஷமாப் பாத்த ஆளு. எனக்கு இடப்பக்கம் மேலதான் அடிப்பான்னு தெரியும். அந்தப் பந்துக்குக் கையைத் தூக்கி உள்ளங்கையில வாங்கணும், ஒரு எட்டு வெச்சாப் போதும், பாய வேண்டியதே இல்ல. அடிச்சா. எதிர்பாத்த எடத்துக்குத்தான் வந்துச்சு. கை எழும்பலை. நான் தூக்கலைன்னு இல்ல, தூக்கச் சொன்னேன், அது வரலை. பந்து விரல்ல படும்ங்கிற பயத்துல கை தானா உடம்போட ஒட்டிக்கிச்சு. கை போகாததால உடம்பு மொத்தமாப் போச்சு. தோள்ல பட்டு வெளிய தெறிச்சுச்சு.

அதைத்தான் பாய்ச்சல், பாய்ச்சல்னு இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க. போட்டோ எடுத்துப் பேப்பர்ல போட்டாங்க. உங்க ஹாஸ்டல் சுவத்துல ஒட்டியிருக்கிற போட்டோ அதுதான். அடுத்த தடவை பாக்கும்போது நல்லாப் பாருங்க. இடது கை எங்க இருக்குதுன்னு தேடுங்க. வயித்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும்.

அந்தப் பந்து ஒரு சாண் மேல வந்திருந்தா கோல். ஆட்டம் சமனாயிருக்கும், அப்பறம் அணிக்கு அஞ்சு ஸ்ட்ரோக். அதுல நான் அந்தக் கையோட ஒண்ணையும் தடுத்திருக்க மாட்டேன். பதினெட்டுப் புள்ளைங்களோட ஒரு வருஷ ஒழைப்பு, ஒரு சாண் எறங்கி வந்ததால தப்பிச்சுச்சு. இதை யாரும் சொல்றதில்ல. செயிச்சா எதுவும் சொல்ல மாட்டாங்க.

விசில் அடிச்சதும் எல்லாம் ஓடி வந்து கட்டிப் புடிச்சாங்க. வலி தாங்காமக் கத்திட்டேன். க்ளவுஸ் வரலை, வீங்கிப்போச்சு. முதலுதவிக்காரர் கத்திரியால வெட்டி எடுத்தாரு. விரலைப் பாத்துட்டு மாஸ்டர் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. "ஏஞ்சாமி இப்படிப் பண்ணே"ன்னு கேட்டுக் கேட்டு அழுதாரு. அது கோவமா பெருமையான்னு எனக்கு அன்னிக்குத் தெரியலை. துறை அணிக்காரங்க ரெண்டு பேரும் பக்கத்துல வந்தாங்க. அதுல பெரியவர், "இந்த மன உறுதிதாம்மா எங்களுக்கு வேணும்"னாரு. அந்த எடத்துலயே எனக்கு வேலைன்னு ஆயிருச்சு.

ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்டு வெளிய வந்தப்ப தேன்மொழி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. ரெண்டு கீப்பர் பையையும் ரெண்டு தோள்லயும் மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. பஸ்ல என் பையை ஏத்தி விட்டு, பக்கத்துலயே உக்காந்தா. ஆட்டையாம்பட்டியில என் பையை எறக்கிக் குடுத்துட்டு, "வாரேனுங்கக்கா. கையைப் பாத்துக்கங்க"ன்னா. அதோட சரி. ரெண்டு மாசத்துல அவளுக்கு உள்ளூர்லயே கல்யாணம்னு கேள்விப்பட்டேன். எனக்குப் பயிற்சி முகாம் இருந்துச்சு, போகலை.

இத்தோட விட்டிருந்தா நான் நிம்மதியா ஓய்வு வாங்கியிருப்பேன். பதினேழு வருஷம் அந்தக் கதையை நானும்தான் சொன்னேன். பரிசளிப்பு விழாவுல, பள்ளிக்கூடத்துல, கேட்ட எடத்துல எல்லாம். கை தட்டினாங்க, வாங்கிக்கிட்டேன்.

என்னோட கடைசி வருஷம் என்னையே ரெண்டாவது கீப்பர் ஆக்கிட்டாங்க. நியாயந்தான், கால் முன்ன மாதிரி போகலை. முதல் கீப்பரா ஒரு சின்னப் புள்ள, கெட்டிக்காரி. ஒரு நாள் மேட்ச்சுக்கு முன்னாடி அவளுக்குக் குனிஞ்சு லெக் கார்டு வாரைக் கட்டறேன். கணுக்கால்கிட்ட கை பட்டப்ப சாக்ஸுக்கு மேலயே சூடு தெரிஞ்சுச்சு. வாரை ஒரு ஓட்டை தள்ளித்தான் மாட்ட முடிஞ்சுது. வீக்கம். தலையைத் தூக்கி அவ மூஞ்சியைப் பாத்தேன். அவ எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கிறா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட மாதிரியே.

கோச்கிட்டச் சொல்ல எந்திரிச்சேன். ரெண்டு எட்டு வெச்சேன், நின்னுட்டேன். நான் சொன்னா யாரு எறங்குவா? நான்தான். கெழவி கடைசியா ஒரு மேட்ச்சுக்கு அலையறான்னு சொல்ல மாட்டாங்களா? அவளுக்கே அப்படித் தோணாதா? எனக்கு அப்படி ஆசை இல்லைன்னு சத்தியம் பண்ணவும் என்னால முடியலை, ஏன்னா கொஞ்சம் இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு உக்காந்துட்டேன். பாதி ஆட்டத்துக்கப்பறம் அந்தப் புள்ள கால் மடங்கி விழுந்தா. ஒரு வருஷம் ஆட முடியலை. அதுல எனக்கும் பங்கு இருக்குது.

அந்தப் பெஞ்சுல உக்காந்துதான் எனக்குப் புரிஞ்சுது. வாரைக் கட்டறவளுக்குத் தெரியும். எப்பவும் தெரியும்.

அடுத்த ஞாயித்துக்கெழமை பஸ் ஏறி மல்லசமுத்திரம் போனேன். ஊருக்குள்ள கேட்டதுக்கு, காட்டுல கெழங்கு புடுங்கறாங்க, அங்கதான் இருப்பான்னாங்க. மரவள்ளிக் காடு. ஆளுங்க கெழங்கைப் புடுங்கி லாரியில ஏத்திக்கிட்டிருந்தாங்க, தேன்மொழி தலையில துண்டைக் கட்டிக்கிட்டு அவங்களை வேலை வாங்கிக்கிட்டு நின்னா. நல்லா இருந்தா. இதைச் சொல்லிடறேன், இல்லாட்டி நீங்க அவளைப் பாவம்னு நெனச்சுக்குவீங்க. பாவம்னு யாராவது சொன்னா அவ வெரட்டி விட்டுருவா. என்னைப் பாத்ததும், "அட, பேப்பர்ல வார அக்கா நேர்ல வந்துட்டாங்க"ன்னு சிரிச்சா. வரப்போரம் நெழல்ல உக்காந்தோம். மோர் குடுத்தா.

பஸ்ல வரும்போது எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு வெச்சதெல்லாம் மறந்துபோச்சு. நேராச் சொன்னேன்.

"அன்னிக்கு ஃபைனலுக்கு முந்தின நாளே எனக்கு விரல் ஒடைஞ்சுபோச்சு புள்ள. தெரிஞ்சேதான் மாஸ்டர்கிட்டப் பொய் சொன்னேன். சொல்லியிருந்தா நீ எறங்கியிருப்பே."

"தெரியுமுங்க."

"எப்பத் தெரியும்?"

"க்ளவுஸை நீங்களே மாட்டிட்டு வந்தப்பவே. அப்பறம் பந்தடிக்கயில இடப்பக்கம் ஒண்ணுகூட அடிக்கலையே நான். அரை மணி நேரம் வலப்பக்கமும் காலுக்குமாவே அடிச்சேன். உங்களுக்கு அதுகூடத் தெரியலைங்களா?"

தெரியலை. அவ அப்படி அடிச்சதே எனக்கு அவ சொல்லித்தான் தெரியும்.

"மாஸ்டர்கிட்ட ஏன் சொல்லலை நீ?"

"நாஞ்சொன்னா எடத்துக்கு ஆசைப்பட்டுச் சொன்ன மாதிரி ஆயிருமுங்களேக்கா. ஆசையுந்தான் இருந்துச்சு. அது நீங்க சொல்ல வேண்டியதுங்க."

நான் மன்னிச்சிருன்னேன். அழுகை வந்துச்சு, அழுதேன். அவ அழலை. லாரிக்காரர் ஏதோ கேட்டதுக்குக் கையை ஆட்டிப் பதில் சொல்லிட்டு மறுபடி எம்பக்கம் திரும்பினா.

"மன்னிக்கறதுக்கு என்னங்க இருக்குது. ஒரு எடந்தான் இருந்துச்சு, உங்களுக்கும் வேணும், எனக்கும் வேணும். நீங்க எடுத்துக்கிட்டீங்க. அதுல எனக்கு வருத்தம் ரொம்ப நாள் இல்லைங்க. வேற ஒண்ணுதான்."

என்னன்னு கேட்டேன்.

"நான் அன்னிக்குப் பெஞ்சுல எதையும் கழட்டலைங்கக்கா. லெக் கார்டு, க்ளவுஸ், ஹெல்மெட்டு எல்லாம் மாட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த புள்ளைங்க, என்ன கிறுக்குப் புடிச்சிருச்சா, இந்த வெய்யல்ல எதுக்குடி ஹெல்மெட்டுன்னு கேட்டாங்க. நீங்க எப்பிடியும் ஒருக்காப் பெஞ்சைத் திரும்பிப் பாப்பீங்கன்னு நெனச்சேன். கூப்பிட்டா நேரத்தை வீணாக்காம ஓடி வரோணுமில்லைங்களா."

கோல்ல நிக்கிறவ பெஞ்சைப் பாக்கிறதுக்குக் கழுத்தை லேசாத் திருப்பினாப் போதும். நான் அன்னிக்கு ஒரு தடவைகூடத் திருப்பலை. திருப்பினா அவ கண்ணைப் பாக்க வேண்டி வரும்னு எனக்குத் தெரியும்.

"அப்பறம்?"ன்னு கேட்டேன்.

"அப்பறம் என்னங்க, விசில் அடிச்சாங்க. எல்லாரும் உங்ககிட்ட ஓடினாங்க. நான் உக்காந்து ஒவ்வொண்ணாக் கழட்டினேன். அதுக்கப்பறம் போடவே இல்லைங்க."